சிவப்புப் பெட்டியில் ஒரு பூட்டு

எங்கள் தொழிற்சாலை வருஷத்தில் ஒரு முறைதான் முழுசாக நிற்கும். புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டைத் தாண்டிப் போய் ஈ.சி.ஆரிலிருந்து உள்ளே திரும்பினால் வரும். மருந்துக் கம்பெனிகளுக்கு வேண்டிய ரசாயனங்கள் செய்கிறோம். மற்ற நாளெல்லாம் பாய்லரும் பம்புகளும் போடும் இரைச்சலில் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசியே பழகியவர்கள் நாங்கள். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் அன்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவோம். கடைசியில் பாய்லரின் காற்றாடியும் சுற்றி ஓய்ந்த பிறகு, கிழக்கே அலையடிக்கும் சத்தம் கேட்கும். கடல் இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அப்போதுதான் கேட்பார்கள்.

இந்த நிறுத்தத்தை நாங்கள் ஷட்டவுன் என்போம். அது வந்துவிட்டால் ஆலை கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். எங்கெங்கிருந்தோ வெல்டர்களும் ஃபிட்டர்களும் சாரம் கட்டுகிறவர்களும் பெயிண்டர்களும் வந்து இறங்குவார்கள். வருஷமெல்லாம் மூடியே கிடந்த கலன்களைத் திறந்து, உள்ளே ஆளை இறக்கிக் கழுவி, தேய்ந்த குழாய்களை வெட்டி எடுத்துப் புதுசு வைத்து, திரும்ப மூடி, ஓட்டிக் காட்ட வேண்டும். குறித்த நாளுக்குள் முடிய வேண்டும் என்பதால் எல்லோரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஓடும்போதுதான் யாருக்காவது அடிபடும்.

பல வருஷம் நான் இதில் இரண்டாவது ஆளாக இருந்தேன். முன்னால் நின்று நடத்தியவர் ஓய்வு பெற்றுப் போனதும், சென்ற கோடையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் விழுப்புரத்துக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இந்த வாட்டி ஷட்டவுன நீங்கதான் எடுத்து நடத்தணும்," என்றார்.

"நானா சார்?"

"வேற யாரு இருக்காங்க? நீங்களே ஒரு பேர் சொல்லுங்க பாப்போம்."

எனக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீடு நெல்லித்தோப்பில். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவதால் சாயங்கால சமையல் அவருடையது. அன்றைக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பயமாக இருக்கிறது என்றேன்.

"என்னாத்துக்கு பயம்? வேலை தெரியாதா உனக்கு?"

"வேலை தெரியும். யாருக்காவது எதுனா ஆயிட்டா, அந்த வூட்டுக்குப் போயி நான்தானே சொல்லணும்?"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். சமாதானமாக ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "ஆமா, நீதான் போவணும்," என்றார். ஏனோ அந்தப் பதில் எனக்கு உதவியாகத்தான் இருந்தது.

வெளியாட்களை அழைத்து வருகிற ஒப்பந்தக்காரரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். டவுனில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஆலையின் ஒவ்வொரு குழாயும் அவருக்கு அத்துப்படி. வேலை ஆரம்பிப்பதற்கு முன் ஒருநாள் என் அறைக்கு வந்து உட்கார்ந்து, டீயைக் குடித்து முடித்து, கிளாஸை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே. வருஷா வருஷம் மொத நாளு கூட்டம் போட்டு சேஃப்டி சேஃப்டின்னு பேசறாங்க. கடைசி நாளு நெருங்கிச்சின்னா, எப்படியாவது முடின்னு அவங்களே வெரட்டறாங்க. நீங்களும் அப்படித்தான்னா இப்பவே சொல்லிடுங்க. பசங்ககிட்ட நான் அதுக்கேத்த மாதிரி சொல்லிக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் அதை வெளியே காட்ட முடியவில்லை.

"வெரட்ட மாட்டேன் பாய்."

"பாக்கலாம் மேடம்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் நம்பவில்லை.

அந்த வருஷம் நான் பாதுகாப்பில் இரண்டு விஷயங்களை மாற்றினேன். முதலாவது பூட்டு. ஒரு கலனுக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால், நீராவியோ ரசாயனமோ அதற்குள் வரக்கூடிய ஒவ்வொரு வால்வையும் மூடிப் பூட்டுவோம். உள்ளே சுற்றும் கலக்கியின் மின்சாரத்தையும் அணைத்துப் பூட்டுவோம். அந்தச் சாவிகளை எல்லாம் ஒரு சிவப்புப் பெட்டிக்குள் போடுவோம். முன்பெல்லாம் அந்தப் பெட்டிக்கு சூப்பர்வைசர் ஒருவர் மட்டும் பூட்டுப் போடுவார். இந்த முறை, வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டை அதில் போட வேண்டும் என்றேன். பூட்டில் அவருடைய படம் ஒட்டிய அட்டை தொங்கும். சாவி அவருடைய கழுத்தில் இருக்கும். வேலை முடிந்து, கலனின் வாயை மூடி இறுக்கிய பிறகு, அவரவர் பூட்டை அவரவரே எடுக்க வேண்டும். கடைசிப் பூட்டும் எடுக்கப்பட்டால்தான் பெட்டி திறக்கும். பெட்டி திறந்தால்தான் வால்வு திறக்கும்.

"ஊட்ல பீரோவுக்குக்கூட இவ்ளோ பெரிய பூட்டு இல்ல மேடம்," என்று ஒரு வெல்டர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தாலும் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டாவது, காவல். கலனுக்குள் ஒருவர் இறங்கினால், அதன் வாயிலேயே இன்னொருவர் நிற்க வேண்டும். மேன்ஹோல் என்று சொல்லும் அந்த வட்டத் துளைக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவரோடு குரல் கொடுத்துக்கொண்டே இருப்பது அவர் வேலை. யார் சும்மா இருக்கிறாரோ அவரை நிறுத்துவதுதான் வழக்கமாக இருந்தது. நான், உள்ளே இறங்குகிறவரே தன் காவலைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று சொன்னேன்.

பாயின் ஆட்களில் கனகசெட்டிக்குளத்து ஃபிட்டர் ஒருவன் இருந்தான். மீன்பிடிக் குடும்பம், இவன் மட்டும் ஐ.டி.ஐ. படித்துவிட்டு இரும்பு பிடிக்க வந்தவன். இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். மனைவிக்கு நிறைமாசம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கலன்களிலேயே பெரிதான ரியாக்டர் அவன் பொறுப்பு. காவலுக்கு யார் வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் ஆபரேட்டர் ஒருவரைக் கை காட்டினான். அந்த ஆபரேட்டர் கம்பெனியின் நிரந்தர ஊழியர், ஐம்பதைக் கடந்தவர், சிடுமூஞ்சி என்று பேரெடுத்தவர். ஒப்பந்த ஆட்களிடம் அவர் முகம் கொடுத்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"அவரா? ஏன்?" என்று கேட்டேன்.

"அவரு யார்கிட்டயும் பேச மாட்டாரு மேடம். அதனால கவனம் வேற எங்கயும் போவாது."

ஆபரேட்டர் இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். அன்றிலிருந்து, உள்ளே சுத்தியல் சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், "டேய், இருக்கியா?" என்று அவர் குரல் கேட்கும். "இருக்கேண்ணே," என்று கலனுக்குள்ளிருந்து எதிரொலியோடு பதில் வரும். வேலை நடந்த நாட்களிலெல்லாம் நான் அதிகமாகக் கேட்டது இந்த இரண்டு வாக்கியங்களைத்தான்.

சாப்பாட்டிலும் ஒரு மாற்றம் செய்தேன். ஒப்பந்த ஆட்கள் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவது வழக்கம். எல்லோருக்கும் கேன்டீனிலேயே சோறு என்று சொன்னேன். நல்ல காரியம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். முதல் நாளே குழம்பு பற்றாமல் போய், வரிசையில் தள்ளுமுள்ளாகி, கேன்டீன்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டார். பாய் போய் அவரைச் சமாதானம் செய்து, டவுனிலிருந்து இரண்டு சமையல் ஆட்களைக் கூட்டி வந்த பிறகுதான் அது ஓடத் தொடங்கியது. சில நாட்கள் போனதும் ஆபரேட்டரும் அந்த ஃபிட்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், திருப்தியாகச் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

வெயில் கொளுத்தியது. கலனுக்குள் இறங்குகிறவர்களை அடிக்கடி வெளியே வரச் சொல்லி மோர் கொடுத்து உட்கார வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை என்னால் சர்ச்சில் பூசைக்குப் போக முடியவில்லை. கடற்காற்று பலமாக அடித்த ஒருநாள் முழுக்க கிரேனை நிறுத்தி வைத்தேன். அப்படியெல்லாம் இருந்தும், வேலை குறித்த நாளுக்குள் முடிகிற மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது.

கடைசி நாள் மத்தியானம், பெரிய ரியாக்டரை மூடி இறுக்கிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. நான் போனேன். ஒவ்வொருவராக வந்து பெட்டியிலிருந்து தங்கள் பூட்டை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒன்று மட்டும் தொங்கியது. படத்தைப் பார்த்தேன். கனகசெட்டிக்குளத்து ஃபிட்டர்.

"எங்க அவன்?" என்றேன்.

யாருக்கும் தெரியவில்லை. டீ குடிக்கப் போயிருப்பான், கை கழுவப் போயிருப்பான் என்றார்கள். ஆள் அனுப்பிப் பார்த்தோம். எங்கும் இல்லை. மேனேஜர் இறங்கி வந்தார். அவருக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தபடி இருந்தது. நீராவி திறந்தால்தான் மற்ற பகுதிகளையும் ஓட்ட ஆரம்பிக்க முடியும்.

"ஆளு வூட்டுக்குப் போயிருப்பான். கட்டர எடுத்து வெட்டிட்டு ஆரம்பிங்க," என்றார்.

"மொதல்ல அவன் எங்க இருக்கான்னு தெரியணும் சார்."

"மேன்ஹோல் மூடியாச்சு. உள்ள எறங்கற பெர்மிட்டும் முடிஞ்சிடுச்சு. இன்னும் என்ன?"

கேட்டுக்கு போன் செய்தேன். உள்ளே வரும் ஒவ்வொரு ஒப்பந்த ஆளும் அங்கே ஒரு டோக்கன் வாங்குவார். போகும்போது திருப்பிக் கொடுப்பார். வேலையாட்களின் அலைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை, அதையும் கேட்டிலேயே வைத்துவிட வேண்டும். ஃபிட்டரின் டோக்கன் திரும்பி வரவில்லை என்றார் காவலர். அவனுடைய எண்ணுக்கு பாய் அடித்தார். மணி அடித்தது. என் போனில் இன்னும் இணைப்பிலிருந்த கேட் காவலரின் குரல் கேட்டது: "மேடம், இங்க அலமாரியில ஒரு போன் அடிக்குது."

ஆக, ஆள் வெளியே போகவில்லை. போன் இங்கே இருக்கிறது, பூட்டு இங்கே இருக்கிறது.

ஆபரேட்டர் பக்கத்தில் வந்து நின்றார். "நான் சாப்பிடப் போனப்ப அவன் உள்ளதான் இருந்தான். திரும்பி வந்தா, மூடியப் போட்டு இறுக்கிக்கினு இருந்தாங்க," என்றார். அவர் சாப்பிடப் போன நேரம் காவலுக்கு நின்ற ஆளைக் கூப்பிட்டோம். பெயிண்டிங் பிரிவிலிருந்து வந்தவர்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"வந்துட்டாங்கன்னுதான் மேடம் நெனைக்கறேன்."

அந்த "நெனைக்கறேன்" விழுந்ததும் நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் முகத்திலிருந்து அவசரமெல்லாம் போயிருந்தது.

"மூடியத் திறக்கணும் சார்."

"திறங்க," என்றார். "சீக்கிரம் திறங்க."

அவ்வளவு நேரம் பாடுபட்டு இறுக்கிய போல்ட்டுகளை அவர்களே திரும்பக் கழற்றினார்கள். எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், பாயின் ஆட்கள் ஒரு பக்கம். யாரும் முணுமுணுக்கவில்லை. ஆபரேட்டர் மட்டும் கலனின் சுவரில் ஸ்பானரால் தட்டித் தட்டி, "டேய், இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூடி நகர்ந்ததும் அவர் தலையை உள்ளே நீட்டப் போனார். நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன். காற்றைச் சோதித்துப் பார்க்காமல் யாரும் குனியக்கூடாது. கருவி பச்சை காட்டும்வரை காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் போல இன்னொன்றை நான் திரும்ப அனுபவிக்க விரும்பவில்லை. 

பாயின் ஆட்களில் இன்னொரு ஃபிட்டர் தன் பூட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். விளக்கு வெளிச்சம் உள்ளே சுற்றி வந்தது.

"யாரும் இல்ல மேடம். அடி வரைக்கும் பாத்துட்டேன். காலியா இருக்கு."

ஆபரேட்டர் இருந்த இடத்திலேயே சாரத்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து ஆலை முழுவதும் தேடினோம். எல்லோரையும் மைதானத்தில் நிற்க வைத்து எண்ணினோம். அவனைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். அப்போதுதான் பாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார். "மேடம், அவன் பொண்டாட்டிக்கு இந்த வாரம்தான்னு சொல்லிக்கினு இருந்தான். வூட்டுக்குத்தான் போய்ப் பாக்கலாமா?"

டோக்கனைத் திருப்பிக் கொடுக்காமல் எப்படிப் போயிருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. மத்தியான ஷிப்டோடு கேட்டில் காவலர் மாறியிருந்தார். முன்னால் இருந்தவருக்கு அடித்தால் எடுக்கவில்லை. நானும் பாயும் கம்பெனி ஜீப்பில் ஏறினோம். ஆபரேட்டரையும் கூப்பிட்டேன்.

"நான் வரல. அவன் கொரல கேக்காம நான் இந்த எடத்த வுட்டு நகர மாட்டேன்," என்றார். "கேக்கற வரைக்கும் யாரும் இதுல கைய வைக்கக்கூடாது."

பக்கத்தில் நின்ற மேனேஜர், "யாரும் வைக்க மாட்டாங்க. நீங்க போய்ட்டு வாங்க மேடம்," என்றார்.

கனகசெட்டிக்குளத்துக்குப் போகும் வழியெல்லாம் நான் மனசுக்குள் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டும் கலைத்துக்கொண்டும் வந்தேன். அந்த வீட்டு வாசலில் நின்று எப்படி ஆரம்பிப்பது? அவன் வந்தானா என்று கேட்பதா? வரவில்லை என்று சொன்னால் அதற்கு மேல் என்ன சொல்வது? பாய் வெளியே பார்த்தபடி உதடு அசையாமல் துஆ ஓதிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

வீடு பூட்டியிருந்தது. எதிரே வலைக்குப் பக்கத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா வேணும்? அவங்க எல்லாம் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களே. அந்தப் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சி."

"வூட்டுக்காரரு?"

"அவன் மச்சான் வண்டில போயி கம்பெனிலேருந்து இட்டுக்கினு வந்தானே."

"நீங்க பாத்தீங்களா? உங்க கண்ணால?"

அந்த அம்மா என்னை வினோதமாகப் பார்த்தார். "பாக்காம? தலைல மஞ்சத் தொப்பியோட வந்து நின்னான். கழட்டுடான்னு நான்தான் சொன்னேன்."

பாய் பக்கத்திலிருந்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் ஜீப்பின் கதவில் சாய்ந்துகொண்டு ஆலைக்கு போன் செய்து சொன்னேன். ஆபரேட்டரிடமும் கொடுக்கச் சொன்னேன். "யாரோ பாத்தேன்னு சொல்றாங்க, அவ்ளோதானே மேடம்," என்றார் அவர். அவர் சொன்னது நியாயம். மச்சானின் எண்ணை அந்த அம்மாவிடம் வாங்கி அடித்தோம், எடுக்கவில்லை. வண்டியை டவுனுக்குத் திருப்பினோம்.

பிரசவ வார்டின் நீண்ட நடையில், சுவரோரம் உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு நடுவே அவன் ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். காலில் இன்னும் சேஃப்டி ஷூ. எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. வேலையிலிருந்து நிறுத்தப் போகிறோம் என்று நினைத்திருக்கிறான்.

"மேடம், சொல்லாம வந்துட்டேன் மேடம். வேலைய முடிச்சிட்டு, போன் வந்துச்சான்னு பாக்க கேட்டுக்குப் போனேன், மச்சான் வந்து நின்னான். செக்யூரிட்டி அண்ணன் ஓடுடா ஓடுடான்னு வுட்டுட்டாரு. எனக்கு ஒண்ணும் ஓடல." அப்போதுதான் அவன் கை கழுத்துக்குப் போனது. "ஐயையோ, பூட்டு."

"பூட்டு இருக்கட்டும். அவங்க எப்படி இருக்காங்க?"

"உள்ள இட்டுக்கினு போயிருக்காங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க."

நான் ஆலைக்கு அடித்து, ஆபரேட்டரை லைனில் வரச் சொல்லி, போனை அவனிடம் நீட்டினேன். அங்கே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. குழப்பத்தோடு வாங்கிக் காதில் வைத்தான்.

"அண்ணே, நான்தாண்ணே. வெளியதான் இருக்கேன்."

 மறுமுனையிலிருந்து எனக்கும் கேட்கும்படி அந்தச் சிடுசிடுத்த குரல் வந்தது: "சரி. சாப்ட்டியா?"

அவன் ஏதோ பதில் சொன்னான். அதற்குள் பாய் வெளியே போய் இட்லிப் பொட்டலமும் தண்ணீரும் வாங்கி வந்துவிட்டார். கிளம்பும்போது ஃபிட்டர் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி பாயின் கையில் வைத்தான். பூட்டுக்காரனை நேரில் பார்த்து, அவன் வாயால் கேட்டு, அவன் சம்மதத்தோடு எடுத்தால் அது முறைக்கு உட்பட்டதுதான். ஜீப் முத்தியால்பேட்டையைத் தாண்டுவதற்குள் அவனே மச்சான் போனிலிருந்து கூப்பிட்டான். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம். பாய் டிரைவரை ஓரம் கட்டச் சொல்லி, ஒரு கடையில் சாக்லெட் டப்பா வாங்கிக்கொண்டார்.

ஆலைக்குள் நுழைந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கூட்டம் அப்படியே நின்றது. சாக்லெட் டப்பா கைமாறிக்கொண்டே போனது. மேனேஜர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மேலேருந்து கேட்டாங்க, ஏன் லேட்டுன்னு. நான்தான் திறக்கச் சொன்னேன்னு சொல்லிட்டேன்," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. நீராவியை மறுநாள் காலையில் திறப்பது என்று முடிவு செய்து, எல்லோரையும் தூங்க அனுப்பினேன்.

மறுநாள் விடிந்ததும் மைதானத்தில் கூடினோம். யார் மேலும் பழி சொல்லக் கூட்டம் போடவில்லை என்று முதலிலேயே சொன்னேன். நெருப்புக்கு, விஷவாயுவுக்கு, உயரத்திலிருந்து விழுவதற்கு என்று எல்லாவற்றுக்கும் வழி யோசித்து வைத்திருந்தோம். ஒரு மனுஷன் அவசரமாக வீட்டுக்கு ஓட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. கேட் காவலர் இரக்கப்பட்டு அனுப்பியது தப்பு இல்லை. அதை எங்களுக்குச் சொல்ல அவருக்கு நாங்கள் ஒரு ஏற்பாடு வைக்கவில்லை. இனி வீட்டுச் செய்தி வந்தால் கேட்டிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு போன் போகும், ஒரு ஆள் கூடவே வந்து பூட்டை எடுக்க வைத்து வாசல் வரை விடுவார் என்று பேசி முடித்தோம். கலனின் வாயில் காவல் மாறும்போது, வருகிறவர் உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்க வேண்டும் என்றார் ஆபரேட்டர். அவ்வளவு நீளமாக அவர் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. முந்தின நாள் மாற்றுக் காவலுக்கு நின்ற பெயிண்டர் தலை குனிந்து நின்றார். பாய் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பிறகு மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கி, தேட இறங்கியவன் தன் பூட்டையும் பாய் கனகசெட்டிக்குளத்து ஃபிட்டரின் பூட்டையும் எடுக்க, பெட்டி திறந்தது. வால்வுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நீராவியை மெல்ல மெல்ல விட்டோம். குளிர்ந்து கிடந்த குழாய்கள் சடசடவென்று நெட்டி முறித்தன. அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது தளத்துச் சாரத்திலிருந்து ஒரு வெல்டர் கையைத் தூக்கினார். பீரோ பூட்டைப் பற்றிக் கிண்டல் செய்தாரே, அவர்தான். பாயிடம் புதிதாகச் சேர்ந்தவர். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அவர் பேர்கூடத் தெரியாது.

"மேடம், நிறுத்துங்க. இங்க ஒரு ஜாயின்ட்டு வேர்க்குது."

நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, கீழே வால்வில் கை வைத்திருந்த எங்கள் ஆபரேட்டர் அதை மூடிவிட்டார். யாரும் அந்த வெல்டரை நீ யார் என்று கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்த பிறகா என்று யாரும் சலித்துக்கொள்ளவில்லை. அழுத்தத்தை இறக்கி, இணைப்பைப் பிரித்து, கசிவை அடைக்கும் வளையமான கேஸ்கட் நசுங்கியிருந்ததால் அதை மாற்றினோம். வேலை இன்னும் கொஞ்சம் தாமதமானது. மேனேஜர் தன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

இரண்டாம் முறை திறந்தபோது எங்கும் ஒரு சொட்டும் இல்லை. பம்புகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. கொஞ்ச நேரத்தில் பழையபடி ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேச வேண்டியிருந்தது.

பாயின் ஆட்கள் மத்தியானம் கடலூரில் அடுத்த வேலைக்குக் கிளம்பினார்கள். கேன்டீன்காரர் அவர்களைச் சாப்பிடாமல் விட மாட்டேன் என்று மறித்து, பெரிய பாத்திரத்தில் வெண்பொங்கலும் சாம்பாரும் கொண்டுவந்து வைத்தார். நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் எனக்குத் தெரியாத ஒரு சாரம் கட்டுகிறவர் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க முன்னாடி போங்க மேடம்," என்றார்.

"பரவால்ல, இருக்கட்டும்," என்றேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நல்ல பசி மட்டும் இருந்தது.